இல்லத்தில் ஆற்றுப்படுத்துநர் வேலை: சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர். ஏற்காட்டில் பெண் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநர் வேலை வந்திருக்கிறது, அங்கேயே தங்க வேண்டும். 12 முதல் 18 வயது வரை நாற்பது பிள்ளைகள். வேலை எப்படி இருக்கும்? என்னால் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்:

முதலில் ஒன்று. ஊரில் யாரிடமும் ‘கவுன்சிலர் வேலை’ என்று சொல்லிவிடாதீர்கள். முதன்முதலில் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, அம்மாப்பேட்டையில் என் பெரியம்மா தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சாக்கடை அடைப்பு பற்றிப் பேச இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அரசாங்கக் காகிதத்தில் இருக்கும் ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். ஆறு என்றால் வழி. பரிசில் வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிறவனுக்கு வழி சொல்வதைத்தானே ஆற்றுப்படை என்றார்கள். நான் எழுதுவதும் அப்படித்தான். பரிசில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சம்பளம் குறைச்சல்.

சேருவதற்கு முன் ஒரு காகிதத்தைப் பார்த்துவிடுங்கள். ‘இல்லம்’, ‘ஹோம்’, ‘ஆசிரமம்’, ‘ஹாஸ்டல்’ என்று வாசலில் என்ன எழுதியிருந்தாலும் சரி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கிற இடம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், ஒழுங்காக நடக்கிற இடத்தில் அதை ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும், பிள்ளை எங்கே தங்க வேண்டும் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘அவங்க அம்மாவே கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க’ என்று ஏழெட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்களானால் யோசியுங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் வெளியே கேட்க ஆளே இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

விடைபெறும்போது நாம் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘வரேன்’ என்றுதான் சொல்கிறோம், அது நம் வழக்கம். இல்லத்துப் பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள். அம்மா ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பூருக்குப் போனாள். சித்தப்பா ‘பொங்கலுக்கு வரேன்’ என்றார். உங்களுக்கு முன்னால் இருந்த ஆற்றுப்படுத்துநரும் ‘வரேன்டா கண்ணு’ என்று சொல்லிவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

என் முதல் தவறு இதில்தான். அப்போது சேலம் டவுனில் ஆண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருந்தேன். (இனி வருகிற எல்லாக் கதையிலும் ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியே விடக்கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. அது இல்லாவிட்டாலும் விடமாட்டேன்.) பதினொரு வயதுப் பையன். அப்பா வெள்ளிப்பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர். குடி. நானே பட்டறைக்குப் போய்ப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றார், அழக்கூடச் செய்தார். நான் திரும்பி வந்து பையனிடம், ‘அப்பா ஞாயித்துக்கிழமை வருவாரு, மிஸ் பேசிட்டேன்’ என்று சொல்லிவிட்டேன். அன்று அவன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எட்டு மணியிலிருந்து கேட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இருட்டியபின் வாட்ச்மேன் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவன் என்னிடம் பேசவே இல்லை. அப்பா மேல் அவனுக்குக் கோபமில்லை. அவர் வராதது அவனுக்குப் பழகியிருந்தது. ‘பேசிட்டேன்’ என்ற என் வார்த்தைதான் அவனுக்குப் புதிது, அதை நம்பிவிட்டான்.

இப்போதெல்லாம் இப்படித்தான் சொல்கிறேன்: ‘அப்பாகிட்ட பேசினேன். வரேன்னு சொன்னாரு. வருவாரான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் வராட்டியும் நாலு மணிக்கு நான் இங்க இருப்பேன்.’ நாலு மணிக்கு இருந்துவிட வேண்டும். அதில் தவறக்கூடாது, நாலேகாலுக்கு வருவதும் கணக்கில் சேராது. உங்கள் படிப்பில் சொல்லித்தந்த உத்திகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வேலைக்கு ஆகும்.

நாளின் அமைப்பு நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். பகலெல்லாம் காகிதம்தான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழுவுக்கு அறிக்கை, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன். நாலரைக்கு அவர்கள் திரும்பி, டீயும் சுண்டலும் முடிந்து, ஐந்து மணிக்குமேல் ஒன்பது வரைதான் உங்கள் நேரம். கவுன்சலிங் ரூம் என்று ஒன்று காட்டுவார்கள். பாதி இல்லங்களில் அதில் அரிசி மூட்டை இருக்கும். அதற்காகச் சண்டை போட வேண்டாம். ‘வா, உட்கார், மனசுல என்ன இருக்குன்னு சொல்லு’ என்று எதிரில் நாற்காலி போட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் சுவரைத்தான் பார்ப்பார்கள். பேன் பார்க்கும்போது, துணி மடிக்கும்போது, கடலை உரிக்கும்போதுதான் பேச்சு வரும். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத வேலை எதுவானாலும் நல்லது.

அந்த வகையில் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கக் கீழே சேலம் ஜி.எச்.சுக்கு வரவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். ரூமில் மூன்று மாதம் வாயைத் திறக்காத பிள்ளை பத்தாவது வளைவில் தானாகப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் கையில் இருக்கட்டும், நிச்சயம் வாந்தி எடுப்பார்கள்.

பெண் பிள்ளைகள் இல்லம் என்பதால் இரண்டு விதமான பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இவர்களைப் பற்றி அவ்வளவாக இருக்காது.

ஒன்று, கல்யாணம் நிறுத்தப்பட்டு வருகிறவர்கள். சேலம், தருமபுரிப் பக்கம் குழந்தைத் திருமணம் இன்னும் நின்றபாடில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரோ போன் செய்வார்கள், அதிகாரிகள் போய் நிறுத்துவார்கள், பிள்ளையைக் குழுவின் முன் நிறுத்துவார்கள். கல்யாண வயதுக்கு முன் மணம் முடிக்கப்படும் ஆபத்தில் உள்ள பிள்ளையும் சட்டப்படி பாதுகாப்பு தேவைப்படுகிறவள்தான். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் உள்ளே வருகிறவள் கையில் மருதாணி கலையாமல் வருவாள், அவளுக்கு நம்மேல் கொள்ளைக் கோபம் இருக்கும். ‘ஊரே வேடிக்கை பார்த்துச்சு, எங்கப்பா இனி தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?’ என்பாள். கல்யாணம் வேண்டாம் என்று அவளே 1098க்குப் பேசியிருந்தாலும், வந்த முதல் வாரம் இதைத்தான் சொல்வாள். அந்த வாரத்தில் சட்டம், படிப்பு, எதிர்காலம் என்று ஆரம்பிக்காதீர்கள். மருதாணி கலைய எவ்வளவு நாளாகுமோ அவ்வளவு நாள் பொறுங்கள். அப்புறம் அவளாகவே பிளஸ் டூ ஹால் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பாள்.

இரண்டாவது, காதலித்து ஓடிப்போய்ப் பிடிபட்டவர்கள். பெண்ணுக்குப் பதினேழு. பையனுக்கும் பதினேழு என்றால் அவன் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பான், பத்தொன்பது என்றால் சிறையில். வழக்கு போக்சோ சட்டத்தில், அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டத்தில். அவள் விருப்பம் என்ன என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை, 18க்குக் கீழே என்றால் குழந்தைதான். அவள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்பாள், அல்லது வீட்டில் சேர்க்கமாட்டார்கள். நாட்காட்டியில் தேதியைக் கிழித்துக்கொண்டு 18 எப்போது முடியும் என்று உட்கார்ந்திருப்பாள். இவளை வைத்து உங்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி வரும். பெற்றோர் ‘அவனை மறக்கச் சொல்லுங்க மேடம், உங்க பேச்சைக் கேப்பா’ என்பார்கள். பையன் வீட்டார் வாக்குமூலத்தை மாற்றச் சொல்லித் தூது விடுவார்கள். இரண்டுக்கும் நீங்கள் ஆள் இல்லை. வழக்கில் அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். அவள் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு, படிப்பு, பயம், இவ்வளவுதான் உங்கள் எல்லை. அவன் பெயரைச் சொல்லி அழுதால் அழவிடுங்கள். ‘இதெல்லாம் வயசுக் கோளாறு’ என்று சொன்னீர்களானால் அன்றோடு உங்களை ஒதுக்கிவிடுவாள்.

இங்கே இன்னொன்று. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா’ என்று கை நீட்டுவார்கள். பண்ணாதீர்கள், எவ்வளவு மனசு இளகினாலும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: ‘நீ சொல்றதை நான் வெளியில பேசமாட்டேன். ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்தினாலோ, உனக்கே நீ ஏதாவது பண்ணிக்கிட்டாலோ சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’ இதைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிற பிள்ளை உண்டு. இரண்டு வாரம் கழித்து அவளே வந்து, ‘அன்னைக்குச் சொன்னீங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணு இருக்கு’ என்பாள்.

சத்தியம் என்றதும் ஞாபகம் வருகிறது. கையைக் கீறிக்கொள்கிற பிள்ளைகள் இருப்பார்கள். காம்பஸ் முனை, உடைந்த வளையல், ஷார்ப்னர் பிளேடு. பார்த்ததும் நம் ஊரில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: ‘என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே பண்ணமாட்டேன்னு.’ அவள் பண்ணுவாள். மறுபடி கீறுவாள், இந்தமுறை தொடையில், யாருக்கும் தெரியாமல். அவளுக்கு இப்போது வலியோடு சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்துகொண்டது. சத்தம் போடாமல் முதலில் காயத்தைக் கழுவி மருந்து போடுங்கள். எப்போது, எதற்கு அப்புறம் இது வருகிறது என்று மெதுவாகக் கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம். அதுவரை தனியே விடக்கூடாது. இரவில் ஆள் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம். உங்களுக்கே தேவைப்பட்டாலும் அதே எண்தான்.

வார்டன் அம்மாவைப் பகைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே முடியாது. எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதல் மாதம் இதில்தான் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் படுக்கையில் மூத்திரம் போனான். பாயைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் காயப்போடச் சொன்னார் வார்டன். நான் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, இல்லத்தில் அடித்தால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் அபராதம், திரும்பச் செய்தால் சிறைகூடக் கிடைக்கலாம் என்று. அவர் சொன்னார்: ‘நான் அடிக்கலியே. சரி, நீங்க ராத்திரி தங்கிப் பாருங்க.’

தங்கினேன். இருபத்தைந்து பையன்கள், ஒரே ஆள். காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர் நிற்கும், அதற்குள் மூத்திரத் துணியை அலச வேண்டும், ஆறு மணிக்குச் சமையலுக்குக் காய் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி வேறு. அவரிடம் சட்டம் பேசியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம் தண்ணீர் குறைவு, பதினொரு மணிக்கு வாட்ச்மேன் எழுப்பிவிடுவது, ரப்பர் ஷீட் ஒன்று, மாற்று லுங்கி தலைமாட்டிலேயே. டாக்டரிடமும் ஒருமுறை காட்டினோம். நாலு மாதத்தில் வாரம் ஒருநாள் என்று குறைந்தது. சுத்தமாக நிற்கவில்லை. ஆனால் பாய் வாசலுக்கு வருவது நின்றது. அந்த வார்டன் அம்மாதான் பின்னாளில், எந்தப் பிள்ளை தூங்கவில்லை, எவன் யாரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான் என்று எனக்கு முதலில் சொல்கிறவர் ஆனார். அடிக்கிற வார்டன் விஷயம் வேறு. அதை எழுதிக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அங்கே ஏற்பாடு கிடையாது.

ஓடிப்போவதைப் பற்றி. தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரம் ஜாக்கிரதை. சேலத்தில் ஆடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கை என்று ஊரே கொண்டாடும்போது உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வராமல் என்ன செய்யும்? ஏற்காட்டில் காபிப்பழம் பறிக்கிற மாதங்களில், நவம்பர் தொடங்கி, எஸ்டேட் பிள்ளைகள் சிலர் அம்மாவுக்கு உதவ வேண்டும் என்று நழுவுவார்கள். போலீசுக்கும் குழுவுக்கும் உடனே தகவல் சொல்வது சட்டம். திரும்பக் கூட்டிவந்ததும் முதல் கேள்வி ‘ஏன் போன?’ என்று இருக்கக்கூடாது. ‘சாப்பிட்டியா?’ என்று இருக்கட்டும். ஏன் என்பது மூன்று நாள் கழித்து.

பிறந்தநாள் கேக்கோடு வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். அன்னதானம் நல்லதுதான், அது இல்லாமல் பல இல்லங்கள் ஓடாது. ஆனால் பிரியாணி ஆறுகிற வரை பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடவைத்து, செல்போனில் படம் எடுத்துப் போடுவது என்ன நியாயம்? படம் போடுவது குற்றம் என்று அவர்களிடம் சொல்கிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள், நிர்வாகி உங்களை முறைப்பார். பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாகக் கடந்துவிடுகிறார்கள். சாம்பார் வாசனையில் நெய் தூக்கலாக இருந்தால், ‘இன்னைக்கு யாருக்குக்கா திதி?’ என்று என்னிடம் கேட்கிற ஒருத்தி இருந்தாள்.

பதினெட்டு முடிகிற நாள் இந்தப் பிள்ளைகளுக்குப் பயமான நாள். காதலுக்காகக் காத்திருப்பவளைத் தவிர மற்ற எல்லாருக்கும். சட்டத்தில் 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கு, அதாவது இல்லத்தை விட்டுப் போனபின் கிடைக்கிற உதவிக்கு, இடம் இருக்கிறது, ஆனால் அது தானாக நடக்காது. பதினாறிலேயே ஆரம்பியுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ். கடைசியில் சொன்னதுதான் பெரும்பாடு. அப்பா யார் என்று காகிதம் இல்லாத மலையாளிப் பழங்குடிப் (கேரளக்காரர் இல்லை, இந்த மலையில் வாழ்கிறவர்கள்) பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்க நான் பதினான்கு தடவை அலைந்தேன். அது இருந்ததால்தான் அவளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அவளோடு நான் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தப் பதினான்கு நடைதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிப் போகிற நிலையில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழி உண்டு. வறுமைக்காக மட்டும் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை என்றால் முதலில் அந்த விண்ணப்பத்தைப் பாருங்கள். அவளுக்கு ஆற்றுப்படுத்துநர் தேவையே இல்லாமல் இருக்கலாம்.

தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டீர்கள். உங்களைத் தெரியாமல் சொல்ல முடியாது. ஆனால் யார் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்று சொல்லலாம்: பிள்ளைகளுக்கு அம்மாவாக ஆகிவிட நினைப்பவர்கள். நாற்பது பேருக்கு அம்மாவாக முடியாது. அவர்களுக்கு அம்மா இருக்கிறாள், குடித்தாலும் அடித்தாலும் விட்டுவிட்டுப் போனாலும் அவள்தான் அம்மா. அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் பொறுக்கமாட்டார்கள். அக்காவாக இருங்கள், போதும். சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுக்காதீர்கள், ஒருத்திக்குக் கொடுத்தால் முப்பத்தொன்பது பேர் பார்ப்பார்கள். வாரத்தில் ஒருநாள் விடுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். அங்கேயே அறையில் படுத்திருந்தால் அது விடுப்பு ஆகாது, கதவு தட்டப்படும். ஆத்தூர் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு வருடமாவது இருக்க முடியாது என்று இப்போதே தோன்றினால் சேராதீர்கள். மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போவது மற்ற இடங்களில் சாதாரணம். இங்கே நாற்பது பேர் இன்னொரு ‘வரேன்’ கேட்க வேண்டியிருக்கும். போகத்தான் வேண்டும் என்கிற நாள் வந்தால் ஒரு மாதம் முன்பே தேதியோடு சொல்லிவிடுங்கள். அழுவார்கள், திட்டுவார்கள், ஒருத்தி பேசாமல் இருப்பாள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதைவிட அது நல்லது. கடைசி நாள் ‘போறேன்’ என்றே சொல்லுங்கள். நம் ஊரில் அபசகுனம் என்பார்கள். நான் டவுன் இல்லத்தை விட்டு வந்தபோது அப்படித்தான் சொன்னேன். அந்தக் கொலுசுப்பட்டறைப் பையன், அப்போது அவனுக்குப் பதினாறு, கேட்டைத் திறந்துவிட்டு, ‘சரி மிஸ், போங்க’ என்றான்.

நேர்காணலுக்குக் காலையில் வரச் சொல்லியிருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஓடி வந்து ‘யாருக்கா நீங்க?’ என்று மொய்க்கிறார்களா, வரிசையாக நின்று ‘குட் ஈவினிங் மேம்’ என்கிறார்களா என்று கவனியுங்கள். வரிசையில் நின்றால் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள், இருட்டினால் குளிரும்.